ஆளில்லா அழகு

வற்றாப்பளையிலிருந்து வடக்கே புதுக்குடியிருப்பை நோக்கிப் போகும் வீதியில் கேப்பாப்புலவு இருக்கிறது. கிழக்கே நந்திக்கடல். மேற்கே வயலும் அதற்கப்பால் காடும். நடுவே தென்னை வளவுகள். வன்னியில் அழகான ஊர்களுக்குக் குறைவில்லை. முத்தையன்கட்டிலோ இரணைமடுவிலோ குளக்கட்டில் ஏறி நின்றால் கண் நிறைந்துபோகும். ஆனால் களப்பும் வயலும் காடும் கடலும் ஒருவருடைய ஒருநாள் நடைக்குள் அடங்கும் இடம் எது என்று கேட்டால், நான் இந்தக் கரையைத்தான் சொல்வேன்.

கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை இறங்கும். முத்தையன்கட்டுக் குளத்தில் தேங்கியது போக மிச்சம் பேராற்றோடு வந்து நந்திக்கடலில் சேரும். களப்பு நிறைந்து கரைப்புல்லை மூடும். வட்டுவாகல் பக்கம் மணல்திட்டு உடைந்து களப்பும் கடலும் ஒன்றாகும். இறால் குஞ்சுகள் உள்ளே வருவது அப்போதுதான். தை பிறந்து நீர் வடியத் தொடங்க, இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறவர்களைக் காலையும் மாலையும் காணலாம். அதே நாட்களில் மேற்குப் பக்கத்து வயல்களில் காலபோக நெல் தலைசாயும். வைகாசி, ஆனியில் சோளகம் எழும்ப, காட்டில் பாலை பழுக்கும். களப்பின் ஓரம் வெடித்து வெள்ளையாக உப்புப் பூக்கும். கூழைக்கடாக்களும் நாரைகளும் மிச்சமிருக்கும் தண்ணீரைச் சுற்றிக் குவியும். ஒரே இடம் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை வேறு வேறு ஊராகிவிடும்.

இந்த ஊரை அதன் ஆட்கள் வர்ணிக்கும் விதத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். காட்சியைச் சொல்லமாட்டார்கள், பொருட்களைச் சொல்வார்கள். எத்தனை தென்னை, கிணற்றில் எத்தனை முழத்தில் தண்ணீர், கோடையிலும் அது உவராகாமல் நிற்குமா, வயல் எந்தக் குளத்துக்குக் கீழே, வள்ளம் கட்டுவது எந்த மரத்தடியில், மாடு எந்தப் பக்கம் மேயப் போகும். வெளியிலிருந்து வந்தவருக்கு இது கணக்கு ஒப்புவிப்பதாகத் தோன்றும். கேட்டுக்கொண்டேயிருந்தால், அவர் ஒவ்வொன்றாகக் கைநீட்டித் தொட்டுக்காட்டியபடி ஊருக்குள் நடப்பது தெரியும். வன்னி மனிதர் தன் ஊரின் அழகைச் சொல்லும் முறை அது என்றே நினைக்கிறேன்.

எங்களில் பலருக்கு அழகான கிராமம் என்றால் மனதில் வரும் படம் வேறெங்கோ இருந்து வந்தது. பிஸ்கற் பேணியின் மூடியிலும் நாட்காட்டியிலும் கண்ட இங்கிலாந்துக் கிராமம் அது. வைக்கோல் வேய்ந்த வெள்ளை வீடுகள், கூரான தேவாலயக் கோபுரம், கல்பாலம், ஓடை. இப்போது அங்கே குடியேறிய உறவினர்கள் கோடை விடுமுறையில் அந்த ஊர்களுக்குப் போய் நின்று எடுத்த படங்களாகவும் அது எங்கள் தொலைபேசிகளுக்கு வந்து சேர்கிறது. அவை உண்மையிலேயே அழகான ஊர்கள். ஆனால் அந்த அழகு எப்படிச் செய்யப்பட்டது என்று தேடிப் படித்தபோது, நான் எதிர்பாராத ஓரிடத்தில் கேப்பாப்புலவு வந்து நின்றது.

இயற்கைக் காட்சியை ஓவியமாகப் பார்க்கும் பழக்கத்தை ஆங்கிலேயருக்கு ஊட்டியவர்களில் முதன்மையானவர் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார். வை ஆற்றின் வழியே தான் போன பயணத்தைப் பற்றி 1782இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்த இடத்தில் நின்று பார்த்தால் மலையும் மரமும் ஆறும் ஒரு சட்டத்துக்குள் சரியாக விழும் என்பதே அவருடைய கவலை. அந்த ஆற்றங்கரையில் டின்டேர்ன் என்ற பழைய மடாலயத்தின் இடிபாடு நிற்கிறது. அதன் முக்கோணச் சுவர்முகடுகள் ஒழுங்காக இருப்பது கண்ணை உறுத்துகிறது, ஒரு சுத்தியலால் அளவோடு தட்டி உடைத்தால் காட்சி இன்னும் நன்றாக இருக்கும் என்று எழுதினார். அதே இடிபாட்டுக்குள் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகளையும் அவர் கண்டார். அவர்களுடைய வறுமையைப் பதிவும் செய்தார். ஆனால் அவர் பார்க்கவந்த காட்சிக்குள் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. இடிந்த சுவரைப் பார்த்து ரசிக்க வேண்டுமானால், அது இடிந்தபோது உள்ளே இருந்தவர்கள் யாரென்று நினைக்காமலிருக்க வேண்டும். வன்னியில் 2009க்குப் பிறகு நடமாடிய எவராலும் அப்படி ஒரு சுவரைப் பார்க்க முடியாது.

கில்பின் எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். காசும் அதிகாரமும் உள்ளவர்கள் செய்துகாட்டினார்கள். டோர்செற் மாவட்டத்தில் மில்டன் பிரபு என்பவருக்குப் பெரிய மாளிகை இருந்தது. அதன் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய சந்தையூர். கடைகள், மதுச்சாலைகள், பள்ளிக்கூடம் எல்லாம் உள்ள, சனம் நெருங்கி வாழ்ந்த ஊர். மாளிகையிலிருந்து பார்க்கும்போது அது காட்சியைக் கெடுத்தது. 1770களிலும் 80களிலும் அந்த ஊரை வீடுவீடாக இடித்து அப்புறப்படுத்தினார்கள். நிலத்தை அழகாக்கித் தருவதில் அந்தக் காலத்தில் பேர்போன ‘கேப்பபிலிட்டி’ பிரவுண் அழைக்கப்பட்டார். சந்தை இரைந்த பள்ளத்தில் புல்வெளியும் ஏரியும் வந்தன. குடிகளில் ஒரு பகுதியினருக்கு, மாளிகையின் கண்ணில் படாத ஒரு மலைமடிப்புக்குள், வீதியின் இருபக்கமும் ஒரே அச்சில் வைக்கோற்கூரை வீடுகள் கட்டப்பட்டன. 1780இல் உருவான அந்த ஊர்தான் மில்டன் அபாஸ். ஒரு வழக்கறிஞர் தன் வீட்டை விட மறுத்ததாகவும், அவரைக் கிளப்புவதற்கு ஏரியின் மதகைத் திறந்துவிட்டு வீட்டுக்குள் தண்ணீர் ஏற்றியதாகவும், அவர் நீதிமன்றம் போய் வென்றதாகவும் ஒரு கதை அங்கே இன்றுவரை சொல்லப்படுகிறது. இன்று இங்கிலாந்தின் மிக அழகிய கிராமங்களில் ஒன்றாக மில்டன் அபாஸைக் காட்டுகிறார்கள். நாட்காட்டியில் எங்கள் கண்ணை இழுத்த படங்களில் அதுவும் இருந்திருக்கும். வரலாற்று நூல்களில் அதற்கொரு வகைப்பெயர் உண்டு: மாதிரிக் கிராமம்.

கேப்பாப்புலவு மக்களுக்குக் கொடுக்கப்பட்டதும் மாதிரிக் கிராமம்தான்.

2008இன் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் போர் இந்தப் பக்கம் வந்தபோது கேப்பாப்புலவு எழும்பியது. நந்திக்கடலைச் சுற்றிக்கொண்டு சனத்தோடு சனமாகக் கிழக்கே போனார்கள். முள்ளிவாய்க்கால்வரை போய், உயிரோடு மீந்தவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. கடைசியாக அங்கிருந்து ஏற்றப்பட்டவர்களில் இந்த ஊரவர்களும் இருந்தார்கள். முகாம் மூடப்பட்டதால் இனி ஊருக்குத்தான் என்று நம்பினார்கள். ஊரில் பாதுகாப்புப் படைத் தலைமையகம் இருந்தது. அவர்களை இறக்கியது, சூரிபுரம் பக்கத்தில் காட்டை வெட்டித் துப்புரவாக்கிய ஒரு நிலத்தில். முதலில் தகரமும் தறப்பாளும், பிறகு வரிசை வீடுகள். அதற்குக் கேப்பாப்புலவு மாதிரிக் கிராமம் என்ற பெயர் வந்தது. ஊரின் பெயர் வந்துவிட்டது. ஊர் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

மில்டன் பிரபுவுக்கும் முல்லைத்தீவு இராணுவ முகாமுக்கும் நேரடி உறவு எதுவுமில்லை. ஒருவர் கண்ணுக்கு இதமாக வெளியைத் துப்புரவாக்கினார். மற்றது போரின் மிச்சம். ஆனால் இடம்மாற்றப்பட்ட மனிதருக்குக் கொடுக்கப்படும் பதில் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. உனக்கு ஒரு வீடு தருகிறோம், பழைய வீட்டை விட நல்ல வீடு, வரிசையான வீடு, பிறகு என்ன குறை? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. வீட்டுத்திட்டத்தோடு வந்த அதிகாரிகளில் நல்ல மனிதர்களும் இருந்தார்கள். ஆனால் ஊர் என்பது வீடுகளின் தொகை என்று அவர்கள் நினைத்தார்கள். களப்பிலிருந்து மைல்கணக்கில் தள்ளி இருக்கும் மீன்பிடிகாரருக்குக் கல்வீடு இருந்து என்ன? தண்ணீர் எப்போது வடிகிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பியது, இன்று வலை போடலாமா என்பதெல்லாம் திண்ணையில் இருந்தபடி தெரிந்துகொள்ளும் விடயங்கள். தென்னை காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்தவர், தன் மரத்துத் தேங்காயை இன்னொருவர் பிடுங்கக் கண்டுகொண்டு, கடையில் காசு கொடுத்துத் தேங்காய் வாங்கினார். இதை இழப்பீட்டுப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

2017 ஜனவரி 31ஆம் திகதி கேப்பாப்புலவின் ஒரு பகுதியான பிலவுக்குடியிருப்புச் சனங்கள், தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு, விமானப்படை முகாம் வாசலுக்கு முன்னால் வந்து இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள். மழையிலும் பனியிலும் வீதியோரத்தில் தறப்பாளின் கீழ் சமைத்து, படுத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஒரு மாதம் இருந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி அவர்களுடைய காணிகள் விடப்பட்டன. கேப்பாப்புலவின் மற்றப் பகுதி ஆட்கள் அதே நாளில் தங்கள் இருப்பைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு டிசெம்பர் இறுதியில் 133 ஏக்கர் அளவில் விடுவிக்கப்பட்டது. மீதிக்கான இருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்த நாட்களில் அவர்கள் பேசியதைக் கேட்டால், என் ஊர் அழகு என்று ஒருவரும் சொல்லவில்லை. தென்னையைச் சொன்னார்கள். கிணற்றைச் சொன்னார்கள். களப்பைச் சொன்னார்கள். உரிமை கேட்கும்போதும் ஊரை வர்ணிக்கும்போதும் அவர்கள் சொன்னது ஒரே பட்டியலைத்தான்.

டோர்செற்றுக்கு இன்னொரு தடவை போக வேண்டியிருக்கிறது. அதே மாவட்டத்தில், கடலுக்குக் கிட்டவாக, டைனம் என்று ஒரு சிறிய கிராமம். 1943 டிசெம்பரில் தாங்கிப் படையின் பயிற்சிக்காக அதை எடுத்தார்கள். இருநூற்றுச் சொச்சம் ஆட்கள். நத்தாருக்கு முன்னர் வெளியேற வேண்டும் என்று ஒரு மாத அவகாசத்தில் அறிவித்தல். பெரும்பாலானோர் வாடகைக் குடிகள் என்பதால் தோட்டத்தில் நின்ற விளைச்சலுக்கு மட்டும் பெறுமதி கிடைத்தது. போகும்போது தேவாலயக் கதவில் ஒரு குறிப்பைக் குத்திவிட்டுப் போனார்கள்: போரை வெல்வதற்காக எங்கள் வீடுகளைத் தருகிறோம், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்ற பொருளில். போர் முடிந்தது. 1948இல் நிலத்தைக் கட்டாயக் கொள்வனவாக எடுத்துக்கொண்டார்கள். ஊரவர் திரும்பவே இல்லை. இப்போதும் அது சுடுபயிற்சி நிலம். பெரும்பாலான வார இறுதிகளில் திறந்துவிடுகிறார்கள். சனம் கார்களில் வந்து கூரையில்லாத வீடுகளைப் பார்த்து, பழைய பள்ளிக்கூடத்துக்குள் நின்று படமெடுத்துவிட்டுப் போகிறது. உழவும் உரமும் இல்லாததால் பூவும் பறவையும் பெருகி, அந்தப் பள்ளத்தாக்கு இயற்கை ஆர்வலர்களுக்கும் பிடித்த இடமாகிவிட்டது.

டைனத்தின் கதையைப் படித்தபோது எனக்குப் பயம் வந்தது. வென்ற நாட்டில், தங்கள் சொந்தப் படைக்காகக் கொடுத்தவர்களுக்கே ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. எடுத்தவர்கள் அன்னியரும் அல்ல. தற்காலிகம் என்று எடுக்கப்பட்ட நிலம், ஒரு தலைமுறை கடந்ததும், எப்போதும் அப்படியே இருந்ததுபோல ஆகிவிடுகிறது. அதன்மேல் புல் முளைத்து, பறவை வந்து, அழகும் சேர்ந்துவிட்டால், திருப்பிக் கேட்பவர்தான் அழகைக் கெடுக்க வருகிறவராகத் தெரிவார்.

நந்திக்கடலுக்கும் அப்படியொரு அறிவித்தல் வந்தது. 2017இல் அதை இயற்கை ஒதுக்கிடமாக்கும் வர்த்தமானி வெளியானது. பறவைகளைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. நந்திக்கடல் தூர்ந்துபோவதையும், கண்ட கண்ட வலைகளால் குஞ்சுமீன் அள்ளப்படுவதையும் கரையோரச் சனங்கள்தான் முதலில் முறையிட்டார்கள். எந்த மாதம் எந்த வலை, எந்த இடத்தில் மறிக்கக்கூடாது, முகத்துவாரத்தை எப்போது வெட்டிவிடுவது என்ற வழமைகள் அவர்களிடம் இருந்தன. காவல் என்று வரும்போது அவர்களைக் கூப்பிட்டு இருத்திப் பேசியிருக்க வேண்டும். வரைபடத்தில் எல்லைக்கோடு விழுந்த பிறகு, தன் வயல் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று அவர்கள் தேடித்திரிந்தார்கள். ஆளில்லாத இடம்தான் இயற்கை என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? வன்னியில் ஆள் கைபடாத அழகு என்று நாங்கள் காட்டும் குளமெல்லாம் ஆள் கட்டியது. 1895இல் வன்னி மாவட்டங்களின் கையேட்டைத் தொகுத்த ஜே. பி. லூயிஸ் கண்டது, கட்டுடைந்த குளங்களும் காய்ச்சலில் மெலிந்த சிற்றூர்களும். கட்டைத் திருத்த ஆளில்லாமல் போனதும் குளம் காடாகியது. அந்தக் காட்டை வெட்டி, கட்டை உயர்த்தி, மீண்டும் தண்ணீர் தேக்கியதால்தான் இன்று கூழைக்கடா வந்து இறங்குகிறது.

இன்னொன்றையும் இந்தக் கரையைப் பற்றி எழுதும் தமிழர் சொல்லாமல் விடக்கூடாது. வற்றாப்பளையிலிருந்து முள்ளியவளைக்குப் போகும் வழியைத் தொடர்ந்தால் தண்ணீரூற்று. நிலத்திலிருந்து தானாகவே நீர் ஊறும் இடம்; ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயில் அதன் கரையில். பக்கத்தில் நீராவிப்பிட்டி. அங்கே முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். கடையும் வயலும் மாட்டுப்பட்டியும் பள்ளிவாசலுமாக, தமிழ்ச் சனத்தின் வேலிக்கு வேலி அயலவராக. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்களும் கையில் எடுத்ததோடு போனார்கள். புத்தளத்து முகாம்களில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். போர் முடிந்து திரும்பிவந்தபோது வளவுகள் பற்றையாகிக் கிடந்தன. பெருகிப்போன குடும்பத்துக்குக் காணி கேட்டபோது எதிர்ப்பும் இழுபறியும் வந்தன. முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று தென்னையைப் பார்த்தவரின் வலியைச் சொல்லும் வாய், புத்தளத்தில் இருந்து நீராவிப்பிட்டிக் கிணற்றை நினைத்தவரின் வலியையும் சொல்ல வேண்டும். அவர்களும் தங்கள் ஊரை இதே பட்டியலால்தான் நினைவில் வைத்திருந்தார்கள். அவர்கள் இல்லாத அந்த ஆண்டுகளில் தண்ணீரூற்று எங்களுக்கு அழகாகவே தெரிந்திருந்தால், அந்தப் பார்வையைப் பற்றி நாங்கள் யோசிக்க வேண்டும்.

ஊர்கள் இங்கே தனித்தனியாக வாழ்வதில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலைப் பார்த்தால் அது விளங்கும். களப்புக் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து பசி என்றாளாம், அவர்கள் பொங்கிக் கொடுத்தார்களாம், இருட்டியபோது விளக்குக்கு எண்ணெய் இல்லை, களப்புத் தண்ணீரை ஊற்றி ஏற்றுங்கள் என்றாளாம், எரிந்ததாம். அந்த நினைவில் வைகாசியில் உப்புநீரில் விளக்கு எரிக்கிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் கோயிலடியில் அள்ளப்படுவதில்லை. பாக்குத்தெண்டல் முடிந்து, கடற்கரையில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோய், அங்கே விளக்கேற்றி, பொங்கி, பிறகுதான் மடைப்பண்டம் வற்றாப்பளைக்கு வரும். கடற்கரையூர், வயலூர், களப்பூர் மூன்றுக்கும் அதில் பங்கும் முறையும் இருக்கின்றன. யார் எதைச் சுமப்பது, யார் வீட்டிலிருந்து எது வருவது என்பது பரம்பரையாக வகுக்கப்பட்டது. முள்ளியவளையில் ஆடப்படும் கோவலன் கூத்தும் இந்த வழிபாட்டோடு சேர்ந்து வளர்ந்ததுதான். ஒரு குடியை அதன் இடத்திலிருந்து பெயர்த்தால், அந்தக் குடி சுமந்துவந்த வேலை அந்தரத்தில் நிற்கும். கேப்பாப்புலவைத் தனியே எடுத்து வேறொரு காட்டில் நட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

விடுவிக்கப்பட்ட காணிகளுக்குள் வன்னியில் முதன்முதல் நுழைகிறவர்கள் பெரும்பாலும் கிணற்றைத்தான் தேடுவார்கள். வேலி போயிருக்கும், வீடு போயிருக்கும், ஒழுங்கை அழிந்து வேறு வீதி போடப்பட்டிருக்கும். கிணற்றைத் தூர்த்திருந்தாலும் கட்டின் வட்டம் தெரியும். அதிலிருந்து இத்தனை அடி கிழக்கே வாசல், இத்தனை அடி தெற்கே அயல்வீட்டு வேலி என்று அளந்து ஊரைத் திரும்பக் கட்டுவார்கள். அளக்கத் தெரிந்தவர்கள் முதியவர்கள். அந்த நீண்ட இருப்பின்போதே அவர்களில் சிலர் ஊரைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்கள்.

மாதிரிக் கிராமத்துக்கு 2012இல் கைக்குழந்தைகளாக வந்தவர்கள் இப்போது பதின்வயதில் நிற்கிறார்கள். முகாமுக்குள் இன்னும் கிடக்கும் காணியின் உறுதியில் அவர்களுடைய தாத்தாவின் பெயர் இருக்கிறது; எங்கே நின்றால் காற்று நன்றாக வரும் என்பது அந்த உறுதியில் இல்லை. அதை எழுதிவைக்கும் வேலையை முல்லைத்தீவின் பாடசாலைகளும் வாசகர் வட்டங்களும் இப்போதே கையிலெடுக்கலாம். பெரிய ஆய்வு தேவையில்லை. ஒரு கொப்பியும், கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமையும் போதும். ஒவ்வொரு முதியவரிடமும் கேட்க வேண்டியவை: வளவில் நின்ற மரங்கள், நட்டவர் யார், கிணற்றை வெட்டியவர் யார், கோடையில் எத்தனை முழம், ஒழுங்கையின் பெயர், வள்ளம் கட்டிய இடம், களப்பின் ஒவ்வொரு மூலைக்கும் அவர்கள் வைத்த பெயர், எந்த மாதம் எந்த மீன், அம்மன் பொங்கலுக்கு அந்த வீடு கொடுத்தது என்ன. கேப்பாப்புலவில் தொடங்கி, நீராவிப்பிட்டிக்கும் போக வேண்டும்.